கருவண்டு துளைத்த விட்டம்

"மிஸ், பூ பூவாப் பூக்குது. ஒரு காய் நிக்க மாட்டேங்குது."

பண்டாரவளைக்குக் கீழே ஒரு தோட்டத்து லயத்து வீட்டில், கொடித்தோடை (பேஷன் புரூட்) பந்தலைக் காட்டி ஒரு தாத்தா சொன்னது இது. உரம் போட்டாயிற்று, கண்ணூறும் கழித்தாயிற்று. கொடியில் நோய் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பேச்சுவாக்கில் கேட்டேன்: "கருவண்டு வருதா தாத்தா?"

"அதை ஏன் கேக்குறீங்க! விட்டமெல்லாம் தொளைச்சிருச்சு. மண்ணெண்ணெய் ஊத்தி, சீமெந்து வச்சு அடைச்சுட்டேன்."

சரி, விஷயம் அங்கேதான் இருந்தது. மஞ்சள் கொடித்தோடை தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. வேறொரு கொடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். பூவோ பெரியது. சின்னத் தேனீ அடியில் புகுந்து தேனைக் குடித்துவிட்டு, மேலே நிற்கும் சூல்முடியைத் தொடாமலே போய்விடும். அதில் உரச, கருவண்டின் முதுகு உயரம் வேண்டும். வண்டு என்கிறோமே தவிர, அதுவும் தேனீ வகைதான். காய்ந்த மரத்தைக் குடைந்து முட்டையிடும். பக்கத்துக் காம்பரா வாசலில் இன்னொரு கொடி இருந்தது நல்லதாய்ப் போயிற்று. மதியத்துக்குப் பிறகு பூ விரிந்ததும் அதன் மகரந்தத்தை விரலால் எடுத்து இதில் தடவச் சொல்லிவிட்டு வந்தேன்.

விவசாயப் போதனாசிரியராக நான் போகிற இடமெல்லாம் இப்போது ஒரு கேள்வி வருகிறது: தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன பூ நடலாம்? நாற்றுத் தவறணையில் வாங்க ஒரு பட்டியல் எதிர்பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது, எதை வெட்டாமல் விடப் போகிறீர்கள் என்பதைத்தான்.

நம் மலைகள் பச்சையாகத் தெரிகின்றன. ஆனால் கொழுந்துக்காக வளர்க்கும் தேயிலையை நாம் பூக்கவே விடுவதில்லை. பூச்சிக்குச் சோறு கிடைப்பது தண்ணீர்க் கான் ஓரத்திலும் ஓடைக்கரையிலும் ரோட்டோரத்திலும்தான். களைநாசினி முதலில் போவதும் அங்கேதான்.

அங்கே நிற்கும் போவிட்டியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதாப் பூ, பழம் தின்றால் வாயெல்லாம் கறுக்குமே, அதுதான். அதன் மகரந்தப்பை வெடிக்காது, நுனியில் ஒரு துளை மட்டும் இருக்கும். நீலவரித் தேனீயும் கருவண்டும் பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கும். உப்புப்போத்தலைக் குலுக்கினாற்போல் மகரந்தம் கொட்டும். நின்று கேட்டால் 'ங்ங்' என்ற சத்தம் காதில் விழும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தக்காளி, கத்தரிப் பூக்களும் ஏறக்குறைய இதே கட்டுமானம்தான். தோட்டத்துக்குப் பக்கத்தில் போவிட்டியா நின்றால், தக்காளி பூக்காத மாதங்களிலும் இந்தத் தேனீக்கள் அங்கேயே பிழைத்திருக்கும்.

நீலவரித் தேனீ கூடு வைப்பது மண்கரையில். வெயில் படுகிற வெறும் மண்கரை ஒரு முழம் இருந்தாலும் போதும். அதற்காகப் புதிதாகச் சரிவை வெட்டிவிடாதீர்கள். மண்சரிவுக்குப் பயந்து வாழும் ஊர் நம்முடையது. ஏற்கெனவே இருப்பதைப் பூசி மெழுகாமல் விட்டால் சரி.

வண்ணத்துப்பூச்சிக்குப் பூ அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. புழு தின்ன இலைதான் பிரச்சினை. கறுப்பும் மஞ்சளுமாகப் பறக்கும் நம் இலங்கையின் தேசிய வண்ணத்துப்பூச்சியின் புழு, ஈஸ்வரமூலிக் கொடி இனத்தைத்தான் தின்னும். சிங்களத்தில் அதற்குச் சப்சந்த என்று பெயர். வாசல் எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கும் புழுவை நசுக்கிவிட்டு வண்ணத்துப்பூச்சி வரவில்லையே என்றால் எப்படி? இரண்டு கிளையை அதற்கு விட்டுவிடுங்கள், கறிக்கு மிச்சம் இருக்கும்.

உண்ணிச்செடியில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கிறதே என்று அதை நடச் சொல்பவர்களும் உண்டு. வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்து காட்டுக்குள் பரவி, நம் செடிகளை அமுக்குகிற செடி அது.

குளவி பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கொழுந்தெடுக்கப் போய்க் குளவி கொட்டிச் செத்தவர்களை நமக்குத் தெரியும். நாம் குளவி என்று ஒரே பெயரில் சொல்வதில் நிஜக் குளவியும் உண்டு, பாறையிலும் உயர்ந்த கிளையிலும் தட்டாகத் தொங்கும் பெருந்தேனீயும் உண்டு. இரண்டும் கூட்டைக் காக்கக் கூட்டமாக வரும். ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்கு மற்றவையும் வரும். ஆகவே கல்லெறிவதும் கொளுத்துவதும் வேண்டாம். புதர் விடுவதென்றால் நடைபாதையையும் கொழுந்தெடுக்கும் நிரையையும் விட்டுத் தள்ளி விடுங்கள். தனியாக வாழும் கருவண்டும் நீலவரித் தேனீயும் அந்தக் கணக்கில் சேராது. கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய அநேகமாகக் கொட்டாது.

நடத்தான் வேண்டுமென்றால் மழையைப் பாருங்கள். ஹட்டன் பக்கம் வைகாசியில், ஊவாப் பக்கம் ஐப்பசியில் நட்டால் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை.

தாத்தா வீட்டுக்கு அப்புறமும் போனேன். துளைத்த விட்டத்தை மாற்றிப் புதியதுக்குப் பெயின்ட் அடித்திருந்தார். பெயின்ட் அடித்த மரத்தைக் கருவண்டு அநேகமாகத் தொடாது. கழற்றிய பழைய விட்டம் பந்தலுக்குக் காலாக நின்றது. அதன் அடியில் மரத்தூள் உதிர்ந்து கிடந்தது.

"சத்தம் தாங்கல மிஸ்," என்றார்.