"ஒரு அடிதானே சார், இழுத்துக்கலாமா?"

வீடு கட்டுகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுவிடுகிறார்கள். வரைபடத்தில் பால்கனி மூன்றடி. கான்கிரீட் ஊற்றச் சென்ட்ரிங் பலகை அடிக்கும்போது பார்த்தால் சின்னதாகத் தெரிகிறது. நாலடியாக்கினால் ஊஞ்சல் போடலாம். "கம்பி வேணா கொஞ்சம் கூடப் போட்டுக்கலாம் சார்" என்று மேஸ்திரியும் கூடச் சேர்ந்துகொள்வார்.

மூன்று நாலானால் மூன்றில் ஒரு பங்குதானே கூடுது என்று தோன்றும். ஆனால் ஸ்லாப் தன் எடையாலேயே சுவரோரத்தில் மடங்கப் பார்க்கும் போக்கு கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடிவிடுகிறது. நீளம் கூடும்போது எடையும் கூடுகிறது, அந்த எடை சுவரைவிட்டுத் தள்ளியும் போகிறது. இரண்டையும் பெருக்கணும்.

பள்ளியில் 'திருப்புத்திறன்' என்று படித்தோமே, அதுதான் இது. ஒரு பொருள் அசையாமல் நிற்க, கீழே அழுத்தும் எடையும் மேலே தாங்கும் விசையும் சரியாக இருந்தால் போதாது. ஒரு பக்கம் திருப்புவதும் எதிர்ப்பக்கம் திருப்புவதும் சமமாக இருக்கணும். ஒரு கையில் தண்ணீர் வாளியைத் தூக்கினால் உடம்பு தானாக மறுபக்கம் சாய்கிறதே, அது இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. பால்கனிக்குச் சாயத் தெரியாது.

இன்னொன்று, யாரும் நினைத்துப் பார்க்காதது: கைப்பிடிச் சுவர். ஐந்து அங்குல ஸ்லாப், மூன்றடி நீட்டம் என்றால், ஒரு மீட்டர் அகலத்துக்கு எடை சுமார் 280 கிலோ. அது நடுவில், அதாவது சுவரிலிருந்து 0.45 மீட்டரில் நிற்பதாகக் கொள்ளலாம். பெருக்கினால் 126. விளிம்பில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் மூன்றடி உயரம் கட்டினால், பூச்சு இல்லாமலே மீட்டருக்கு 200 கிலோ. அது நிற்பதோ 0.84 மீட்டரில். பெருக்கினால் 168. எடை குறைவான சுவர், ஸ்லாப்பைவிட அதிகமாகக் கவிழ்க்கப் பார்க்கிறது! அந்த இடத்தில் கம்பிக் கிரில் போடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். விளிம்பில் பூந்தொட்டி வரிசையும் அதே கதைதான்.

கம்பி எங்கே இருக்கணும் என்பது அடுத்தது. அறையின் ஸ்லாப் நடுவில் தொங்கப் பார்க்கும். இழுபடுவது அடிப்பக்கம், இழுப்பைத் தாங்குவது கம்பி, அதனால் கம்பி அடியில். பால்கனியில் எல்லாம் தலைகீழ், தொங்கப் பார்ப்பது நுனி. இழுபடுவது மேல்பக்கம், கம்பியும் மேலே இருக்கணும்; அங்கேயே நின்றுவிடாமல் அறைக்குள்ளும் நன்றாக நீண்டு போகணும்.

சில வருஷம் முன்பு ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். பால்கனித் தரையில், சுவரை ஒட்டினாற்போல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே விரிசல். டைல்ஸ் ஒட்டியவரைத் திட்டிக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர். டைல்ஸைப் பெயர்த்தோம், விரிசல் கான்கிரீட்டிலும் இறங்கியிருந்தது. கொத்திப் பார்த்தால், மேலிருந்து ஒரு அங்குலத்தில் இருக்கவேண்டிய கம்பி மூன்று அங்குலத்தில் கிடக்கிறது. ஸ்லாப்பின் வலு பாதிக்குமேல் போச்சு.

"கட்டும்போது மேலதான் சார் இருந்துச்சு" என்றார் மேஸ்திரி. அவர் சொன்னது பொய்யில்லை. கான்கிரீட் போடும் அன்று சட்டியோடு பத்துப் பேர் அதன்மேல் நடந்திருக்கிறார்கள். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் 'சேர்' போதுமான அளவு வைக்கவில்லை, நடக்கப் பலகையும் போடவில்லை. அன்றைக்கே முட்டு கொடுத்தோம். இப்போது அந்தப் பால்கனிக்குக் கீழே இரண்டு தூண் நிற்கிறது. காரை உள்ளே விட அவர் படும் பாட்டை நானே பார்த்திருக்கிறேன்.

சன்ஷேடிலும் இதே சங்கதி உண்டு. ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டலோடு சேர்த்துப் போட்ட இரண்டடி சன்ஷேடை, கவிழாமல் பின்னால் பிடித்துவைப்பது பெரும்பாலும் அதன் மேலே வரும் சுவரின் எடைதான். பலகை வேறு வீட்டு வேலைக்கு வேண்டும் என்று சுவர் ஏறுமுன்பே முட்டுகளைப் பிரித்துவிடுகிறார்கள். அப்புறம் கொத்தனார் அதன் நுனியில் ஏறி நின்று செங்கல் வாங்குவார். அவர் 70 கிலோதான். ஆனால் நிற்பது நுனியில்.

சரி, ஊஞ்சல் கேட்டவருக்கு என்ன பதில்? நாலடி முடியும். ஸ்லாப் தடிமன், கம்பி, பின்னால் பிடிக்கும் உத்திரம் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்குப் போட்டு, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் சொன்னால். ஊஞ்சல் கொக்கியை மட்டும் அறைக்குள் மாட்டிக்கொள்ளுங்கள்.