வாடை வந்தால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமா?

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் ஃபினாயில் வாடை மூக்கைத் துளைத்தால் 'பரவாயில்லையே, சுத்தமாக வைத்திருக்கிறார்கள்' என்று நினைக்கிறவர்கள் அதிகம். தொற்றுத் தடுப்புப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கு அந்த வாடையும் சரி, தரையின் பளபளப்பும் சரி, ஒன்றும் சொல்வதில்லை. நோயாளி தரையையா தொடுகிறார்? கட்டில் கம்பி, அழைப்பு மணிப் பொத்தான், கழிப்பறைக் குழாய் என்று தொட்டுக்கொண்டே இருக்கிறார், மருத்துவமனையில் வேலை பார்க்கிற நாமும் அதே கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு ரவுண்ட்ஸில் பேசிவிட்டு அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போகிறோம். எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஒரு பாக்டீரியா) போன்ற கிருமிகள் உலர்ந்த பரப்பில் மாதக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். முன்பு அந்த அறையில் இருந்தவரின் கிருமி, பிறகு வந்து படுப்பவருக்குத் தொற்றுவது இப்படித்தான்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் ஜெல்லை கட்டில் கம்பியின் அடிப்பக்கம், ஸ்விட்ச், கதவுக் கைப்பிடி என்று யாருக்கும் தெரியாமல் பொட்டு வைத்துவிட்டு, சுத்தம் செய்து முடித்த பின் புற ஊதா டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். துடைத்திருந்தால் பொட்டு இருக்காது. அமெரிக்காவில் ஃபிலிப் கார்லிங் குழுவினர் 36 மருத்துவமனைகளில் இப்படிப் பார்த்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், துடைத்திருக்க வேண்டிய இடங்களில் பாதிகூடத் துடைக்கப்பட்டிருக்கவில்லை. முடிவுகளை ஊழியர்களிடமே காட்டிப் பயிற்சி கொடுத்த பிறகு அது முக்கால் பங்குக்கு மேல் உயர்ந்தது. யாரையும் திட்டியதால் வந்த மாற்றம் இல்லை அது.

இன்னொரு சிக்கல், பிபி கஃப் (இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை), ஐவி பம்ப் (டிரிப்ஸ் ஏற்றும் கருவி), வார்டு கீபோர்டு மாதிரியான பொருள்கள். நர்ஸ்கள் துடைப்பார்கள் என்று ஹவுஸ்கீப்பிங் நினைக்கும், ஹவுஸ்கீப்பிங் துடைக்கும் என்று நர்ஸ்கள் நினைப்பார்கள், கடைசியில் கஃப் மட்டும் கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கும். எந்தப் பொருளை யார், எப்போது துடைப்பது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். புதுக் கிருமிநாசினி மருந்து வாங்குவதைவிட இது பலன் தரும் என்பது என் கருத்து.

மருந்து என்றதும், தெளித்த கையோடு துடைத்துவிடுகிற பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கிருமிநாசினிக்கும் பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டிய நேரம் லேபிளில் இருக்கும். சிலவற்றுக்கு 1 நிமிடம், சிலவற்றுக்கு 10 நிமிடம். ஃபேன் காற்றில் அதற்கு முன்பே காய்ந்துவிட்டால் மறுபடியும் நனைக்கத்தான் வேண்டும்.

ப்ளீச் விஷயத்தில் 'கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் நல்லது' என்கிற எண்ணம் எல்லா இடத்திலும் இருக்கிறது. நல்லதில்லை. உலோகம் அரிக்கும், துடைப்பவரின் தொண்டை எரியும். கையில் இருப்பது 5 சதவீத ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) என்றால், 1 பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் பொதுவான பரப்புகளுக்குப் போதுமான 0.1 சதவீதம் கிடைக்கும். இரத்தம் சிந்திய இடத்துக்கு 1 பங்குக்கு 9 பங்கு, அதாவது 0.5 சதவீதம், அதுவும் இரத்தத்தை முதலில் ஒற்றி எடுத்து, இடத்தைக் கழுவிய பிறகு. அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள். கழிப்பறை ஆசிடோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். சி.டிஃப் என்ற பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு வந்தவர் இருக்கும் அறையில் ஆல்கஹால் ஹேண்ட்ரப்பை நம்ப வேண்டாம், அந்தப் பாக்டீரியாவின் வித்துகள் (கடினமான உறைக்குள் உறங்கும் வடிவம்) ஆல்கஹாலுக்குச் சாகாது. கைக்கு சோப்பும் தண்ணீரும், பரப்புக்கு ப்ளீச்.

துணியைக் கவனிக்கிறவர்கள் குறைவு. நான்காக மடித்து, ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கம் திருப்பி, சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கும் மேலிருந்து கீழேயும் துடைக்க வேண்டும். அழுக்குத் துணியை மறுபடி வாளியில் முக்கினால் அந்த வாளி முழுக்கக் கிருமிதான். ஒரு கட்டிலின் துணி அடுத்த கட்டிலுக்குப் போகவே கூடாது.

இவ்வளவும் துடைப்பவருக்குத் தெரிந்திருந்தாலும் டிஸ்சார்ஜ் ஆன அரை மணிக்குள் 'கட்டில் ரெடியா, கட்டில் ரெடியா' என்று மூன்று போன் வந்தால் அவர் என்ன செய்வார்? 10 நிமிடம் நனைந்திருக்க வேண்டிய மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு அவசரப்படுத்துவதில் அர்த்தமில்லை. ஒன்று, குறைந்த நேரத்தில் வேலை செய்கிற மருந்தாக வாங்குங்கள், இல்லையென்றால் அந்த நேரத்தையும் சேர்த்தே கட்டில் தயாராகும் நேரத்தைக் கணக்கிடுங்கள்.