தொண்டைக்குள் ஒளிந்திருக்கும் குரல்

ஜனவரி விடியற்காலை. ஊட்டி மார்க்கெட் பக்கம் நிற்கும் வண்டிகளின் கூரையெல்லாம் உறைபனியால் வெளுத்திருக்கும். மூடிய கடையொன்றின் படியில், சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். வாய் மூடியே இருக்கும். தொண்டையிலிருந்து மட்டும் ஒரே சுருதி விடாமல் வந்துகொண்டிருக்கும். 'பைத்தியம்' என்று சொல்லிவிட்டு ஊர் விலகிப் போகும். மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் மட்டும் "அண்ணே" என்று பக்கத்தில் வந்து அமர்வார். "காதுக்குள் யாரோ ஓயாமல் திட்டுகிறார்களாம்" என்று ஒருநாள் அவர்தான் என்னிடம் சொன்னார்.

அந்த ரீங்காரம் நோயின் அறிகுறி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது அவராகவே கண்டுபிடித்த கைமருந்தாக இருக்கலாம் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் சிரிப்பு வருவதில்லை. கைக்கு உத்தரவு போடும் மூளை, அதன் நகலொன்றைத் தொடுவுணர்வுப் பகுதிக்கும் அனுப்பிவிடுகிறது. 'வருவது நம் கைதான்' என்று முன்கூட்டியே தகவல் போய்விடுவதால் கூச்சம் அடங்கிவிடுகிறது. பேச்சுக்கும் இதே ஏற்பாடுதான். 'அடுப்பை அணைத்தோமா?' என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ளும்போது, கேட்டது நாம்தான் என்பதில் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. மனச்சிதைவு நோயில் இந்த நகல் சரியாகப் போய்ச் சேர்வதில்லை என்பது வலுவான விளக்கங்களில் ஒன்று. அப்போது சொந்த எண்ணமே அடுத்தவர் குரலாகக் காதில் விழுகிறது.

1949-ல் லூயிஸ் கூல்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குரல் கேட்பதாகச் சொன்ன ஒரு நோயாளியின் மெல்லிய முணுமுணுப்பை, ஒலியைப் பெருக்கிக் கேட்டார். 'அவர்கள் சொல்கிறார்கள்' என்று நோயாளி விவரித்ததும் அந்த முணுமுணுப்பில் இருந்ததும் ஒத்துப்போயின. 1993-ல் லண்டனில் மூளையைப் படமெடுத்துப் பார்த்தவர்களும், குரல் கேட்கும் நேரத்தில் பேச்சை உருவாக்கும் ப்ரோக்கா பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடுவதைக் கண்டார்கள். கேட்கிற வேலை நடக்கும்போது பேசுகிற இடம் விழித்திருக்கிறது!

அப்படியானால் அந்தப் பேச்சுக் கருவிக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால்? ஒரே சுருதியில் மெல்ல முனகச் சொன்ன சோதனையில் நோயாளிகளுக்குக் கேட்ட குரல்கள் குறைந்தன. முனகும்வரைதான் பலன், எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. ஆனால் பனியில் இரவைக் கழிப்பவருக்கு ஒரு மணி நேரம் திட்டு வாங்காமல் இருப்பது சின்ன விஷயமா?

மூளைச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று டோபமைன். 'இசை டோபமைனைச் சுரக்கவைக்கும், ஆகவே மனநோய் தீரும்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். பிடித்த இசையைக் கேட்கையில் டோபமைன் சுரக்கிறது என்று 2011-ல் மாண்ட்ரியல் ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் மனச்சிதைவில் டோபமைன் ஏற்கெனவே தேவையில்லாத இடத்தில் மிகையாகச் செயல்படுகிறது. 1952 முதல் வந்த மாத்திரைகள் பெரும்பாலும் அதைத் தடுத்தே வேலை செய்கின்றன. இசை மாத்திரைக்கு மாற்று அல்ல. 18 ஆய்வுகளை, 1215 பேரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் 2017-ம் ஆண்டு அலசலில், வழக்கமான சிகிச்சையோடு இசை சேர்ந்தபோதுதான் மனநிலையும் பிறரோடு பழகும் திறனும் மேம்பட்டிருந்தன.

பழகுவதில் இசைக்குத் தனிப் பங்கு உண்டு. 2012-ல் வெளிவந்த ஆய்வொன்றில், இசையைச் சும்மா கேட்டவர்களைவிடப் பாடியவர்களுக்கும் ஆடியவர்களுக்கும் தாளம் தட்டியவர்களுக்கும் வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. வலியைத் தணிக்க உடலே சுரக்கும் எண்டார்பின்தான் காரணம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பழகியவர்களிடம் நெருக்கத்தை வளர்ப்பதிலும் இதற்குப் பங்குண்டு என்கிறார்கள். நீலகிரியில் படுகர்கள் வட்டமாகக் கூடி ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தெருவில் கிடப்பவருக்கு இந்த நெருக்கம் கிடைப்பதில்லை. தூக்கமும் கெட, குரல்கள் வலுக்கின்றன. மாத்திரை கிடைத்தாலும் அதில் ஒரு சிக்கல்: சில மாத்திரைகள் உடல் தன் சூட்டைக் காத்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும். மலையில் கம்பளியும் கூரையும் சிகிச்சையின் பகுதிதான். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி, தெருவில் திரியும் மனநோயாளியைப் போலீஸார் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டும். குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் கடமை. வண்டியில் ஏற அவர் சம்மதிப்பாரா என்பது, 'அண்ணே' என்று கூப்பிட அங்கே ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்திருக்கிறது.

டீ வந்தால் முனக முடியாது. டம்ளர் உதட்டைத் தொட்டதும் அவர் கண்கள் பக்கவாட்டில் திரும்பும், யாரோ கூப்பிட்டதுபோல். தொழிலாளிக்கு அது தெரியும். லாரியில் ஏறும் கேரட் மூட்டைகளைக் காட்டி, "அண்ணே, எண்ணிச் சொல்லுங்கள், எனக்குக் கணக்கு தப்பிவிடும்" என்பார். அவர் ஒரு வாய் டீயை விழுங்கிவிட்டு, களத்துமேட்டில் நெல் அளப்பவர்போல உரக்கத் தொடங்குவார்:

"லாபம்... இரண்டு... மூன்று..."