ஆஃப்ஷோர் வங்கி: பொருளும் பிறப்பும் தமிழ்ப் பெயரும்

'ஆஃப்ஷோர் பேங்க்' என்பதற்கு வெளிநாட்டு வங்கி, கடல்கடந்த வங்கி, கரைகடந்த வங்கி என்று மூன்று பெயர்கள் தமிழில் வழங்குகின்றன. இவற்றுள் முதலாவது பிழையானது. வெளிநாட்டு வங்கி என்றால், பிற நாட்டில் தலைமையகம் கொண்டு சென்னையில் கிளை திறந்து, மயிலாப்பூர்க்காரருக்கும் ரூபாயில் கணக்குத் தொடங்கித் தரும் வங்கி. ஆஃப்ஷோர் வங்கியின் இலக்கணம் கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு. ஒரு நாட்டின் மண்ணில், அந்நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்று நடந்தாலும், அந்நாட்டில் வதியாதவர்களோடு (குடியிருக்காதவர்களோடு), அந்நாட்டு நாணயமல்லாத நாணயங்களில் கொடுக்கல் வாங்கல் செய்வதற்கென்றே ஏற்பட்ட வங்கி அது. அது எந்த நாட்டாருக்குச் சொந்தம் என்பது இங்கே கேள்வியே இல்லை. யாருடைய பணத்தை எந்த நாணயத்தில் கையாள்கிறது என்பதே கேள்வி.

சொல்லின் பிறப்பிடம் கப்பல்தளம். 'ஷோர்' என்பது கரை. 'ஆஃப்' என்பது விலகல். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், கரையை விட்டுச் சற்று விலகி நிற்கும் கப்பலையும் நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றையும் குறிக்க இச்சொல் வழங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான் அது கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்தது. போரில் நொடித்த மேற்கு ஐரோப்பாவை மீட்டெழுப்ப 1948இல் தொடங்கிய மார்ஷல் திட்டத்தின்கீழ், அமெரிக்கா கொடுத்த பணத்தைக் கொண்டு அமெரிக்காவுக்கு வெளியே சரக்கு வாங்குவதற்கு 'ஆஃப்ஷோர் கொள்முதல்' என்று பெயரிட்டார்கள். கனடாவின் கோதுமையும் அந்தக் கணக்கில் வந்தது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே கடல் இல்லை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நில எல்லைதான் இருக்கிறது என்பதை நினைத்தால், சொல் அன்றைக்கே கடலைக் கைவிட்டு 'நம் எல்லைக்கு அப்பால்' என்ற பொருளுக்குப் போய்விட்டது புரியும். 1950களின் இறுதியில் லண்டன் வங்கிகள் அமெரிக்க டாலரில் வைப்பு வாங்கிக் கடன் கொடுக்கும் சந்தையை வளர்த்தபோது, நிதித்துறை இந்தப் பொருளையே வரித்துக்கொண்டது. இன்றும் கடற்கரையே இல்லாத லக்சம்பர்க் ஆஃப்ஷோர் நிதி மையங்களின் பட்டியல்களில் இடம்பெறுகிறது. குஜராத்தில் கடலிலிருந்து தள்ளியிருக்கும் பன்னாட்டு நிதி மையமான கிஃப்ட் நகரின் வங்கிப் பிரிவுகளை, இந்திய மண்ணில் இருந்தும், இந்திய அந்நியச் செலாவணி விதிகள் வெளியில் வதிவோராகவே நடத்துகின்றன. ஆகவே இது சட்டம் கிழிக்கும் கோட்டின் பெயர், புவியியலின் பெயரன்று.

சிறு தீவு நாடொன்றில் இச்சொல் என்ன வேலை செய்தது என்பதை மொரிசியஸில் தெளிவாகக் காணலாம். சுமார் 2,040 சதுர கிலோமீட்டர் பரப்பும் பன்னிரண்டரை லட்சத்தை ஒட்டிய மக்கள்தொகையும் உள்ள அந்த நாடு, 1968இல் விடுதலை பெற்றபோது கரும்பை நம்பியிருந்தது. பின்னர் ஆடைத் தொழிலும் சுற்றுலாவும் வந்தன. 1988ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம் ஆஃப்ஷோர் வங்கிகளுக்கு இடம் கொடுத்தது; 1989இல் முதல் உரிமம் வழங்கப்பட்டது; 1992இல் வங்கியல்லாத ஆஃப்ஷோர் வணிகத்துக்கும் தனிச் சட்டம் வந்தது. இந்த வங்கிகளின் களம் டாலர், பவுண்டு போன்ற பிற நாணயங்கள். உள்ளூர் ரூபாய் அவற்றுக்கு உரியதாக இருக்கவில்லை. மொரிசியஸ் ரூபாய்த் தாளில் மதிப்பு தமிழிலும் அச்சிடப்பட்டிருக்கும் என்பது நம்மவர் பலர் அறிந்த செய்தி. அந்தத் தாள் புழங்கும் தெருவில் அலுவலகம் வைத்துக்கொண்டு, அந்தத் தாளில் வணிகம் செய்யாதிருப்பதுதான் ஆஃப்ஷோர் வங்கிக்கு அடையாளமாக இருந்தது.

பணம் அங்கே போனதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தியா. இரு நாடுகளும் 1982இல் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி, மொரிசியஸில் வதியும் நிறுவனம் இந்தியப் பங்கை விற்று ஈட்டும் மூலதன ஆதாயத்துக்கு மொரிசியஸ் மட்டுமே வரி போடலாம் என்றிருந்தது. மொரிசியஸோ அத்தகைய ஆதாயத்துக்கு வரி போடுவதில்லை. நியூயார்க்கில் திரட்டப்பட்ட நிதி நேரே மும்பைக்கு வராமல் முதலில் மொரிசியஸ் தலைநகர் போர்ட் லூயியில் ஒரு நிறுவனமாகப் பதிவாகும். உள்ளூரில் வதியும் இயக்குநர் இருவரை அமர்த்தி, முதன்மை வங்கிக் கணக்கைத் தீவிலேயே வைத்து, கணக்கேடுகளையும் அங்கேயே பேணி, வரி வதிவுச் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு இந்தியப் பங்குச் சந்தைக்குள் வரும். 2000ஆம் ஆண்டில் இந்திய வருமான வரித்துறை, ஒப்பந்தச் சலுகை பெற அந்தச் சான்றிதழே போதும் என்று சுற்றறிக்கை விட்டது. 2003இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டில் பல ஆண்டுகள் மொரிசியஸ் முதலிடத்தில் இருந்ததன் சூட்சுமம் இதுதான். 2016இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளின் ஆதாயத்துக்கு இந்தியா வரி போடும் உரிமையைப் பெற்றது.

தமிழ்ப் பெயரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. போர்ட் லூயியில் இருக்கும் வங்கி, போர்ட் லூயிக்காரருக்குக் கரையை விட்டு விலகியதாகத் தோன்ற நியாயம் இல்லை. பணம் வைத்தவரின் கரையிலிருந்து பார்த்தால்தான் அது விலகி நிற்கிறது. தன் சட்டப் புத்தகத்திலேயே தன் வங்கிக்கு ஆஃப்ஷோர் என்று பெயர் எழுதிய தீவு, தன்னைப் பிறர் கண்ணால் பார்த்துப் பெயரிட்டது. தமிழில் இந்தப் பார்வைக் கோணத்தைச் சொல்ல 'அக்கரை' என்ற அருமையான சொல் இருக்கிறது. 'அக்கரை வங்கி' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசைதான். ஆனால் ரகரம் சறுக்கினால் 'அக்கறை வங்கி' ஆகி, இல்லாத பரிவைச் சொல்லிவிடும்.

கடல்கடந்த என்பது 'ஓவர்சீஸ்' என்பதற்கு ஏற்கெனவே உரிமையாகிவிட்டது. 1937இல் காரைக்குடியிலும் சென்னையிலும் இரங்கூனிலும் ஒரே நாளில் திறக்கப்பட்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கடல்கடந்து வணிகம் செய்த வங்கியே தவிர ஆஃப்ஷோர் வங்கியன்று. எஞ்சுவது 'கரைகடந்த'. அதுவே ஏற்றது என்பது என் முடிவு. வங்கி கரையைக் கடப்பதில்லை, பணம்தான் கடக்கிறது என்று இலக்கணம் பேசுவோர் எதிர்வாதம் செய்யலாம், செய்யட்டும். வரையறையைத் துல்லியமாக எழுதவேண்டிய சட்ட உரைகளில் 'வதியாதோருக்கான அயல்நாணய வங்கி' என்று விரித்தே எழுதிவிடலாம். இலங்கை நிதித்துறைத் தமிழில் வேரூன்றிவிட்ட 'வதிவோர்', 'வதியாதோர்' என்னும் இணை, நம் 'குடியிருப்போர் அல்லாதோர்' என்பதைவிடச் சுருக்கமானது. கடன் வாங்கத் தயங்கவேண்டியதில்லை.

இதோடு ஒட்டிவரும் 'ஷெல் பேங்க்', அதாவது உரிமம் தந்த நாட்டில் அலுவலகமோ ஊழியரோ இல்லாத வங்கி, என்பதையும் பார்த்துவிடலாம். ஓடு என்று மொழிபெயர்த்தால் 'ஓட்டு வங்கி' ஆகித் தேர்தல் மேடைக்குப் போய்விடும். சுமார் 21 சதுர கிலோமீட்டரே உள்ள பசிபிக் தீவான நவ்ரு, பாஸ்பேட் வருவாய் வற்றிவந்த காலத்தில் உரிமம் கொடுத்த ஏறத்தாழ 400 வங்கிகளுக்குத் தீவில் கட்டடமும் இல்லை, ஊழியரும் இல்லை. ஒரே அஞ்சல் பெட்டிதான் முகவரி. 2002 டிசம்பரில் அமெரிக்கக் கருவூலத் துறை நவ்ருவைப் பணச் சலவை அபாயம் மிக்க நாடாகக் குறித்தது. அதன்பின் அந்த வங்கிகளை நவ்ரு ஒழித்தது. 'லெட்டர்பேடு கட்சி' என்ற வழக்கு நம்மிடம் இருக்க, இவற்றை 'லெட்டர்பேடு வங்கி' என்றால் யாருக்கும் விளங்கும். ஏட்டு வழக்குக்குப் 'பெயரளவு வங்கி' போதும்.

வரி இல்லாத அல்லது மிகக் குறைந்த நாட்டைக் குறிக்கும் 'டாக்ஸ் ஹேவன்' என்பதை 'வரிச் சொர்க்கம்' என்பது ஹேவனை ஹெவனாகப் படித்த பிழை. ஹேவன் என்றால் புயலில் கப்பல் ஒதுங்கும் துறைமுகம். பிரெஞ்சுக்காரர்களும் சொர்க்கம் என்றே சொல்லிவருகிறார்கள் என்பது நமக்குச் சமாதானமாகாது. 'வரிப் புகலிடம்' என்பதே நேர்.

மொழிபெயர்ப்போர் ஆண்டையும் கவனிக்கவேண்டும். ஆஃப்ஷோர் என்ற சொல்லுக்குக் கெட்ட பெயர் சேர்ந்த பிறகு, மொரிசியஸ் 2001இல் தன் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, அந்த நிறுவனங்களை 'குளோபல் பிசினஸ்' உரிமம் பெற்றவை என்று பெயர் மாற்றியது. 2004ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம் உள்நாட்டு வங்கி, ஆஃப்ஷோர் வங்கி என்ற பிரிவினையையே எடுத்துவிட்டு எல்லா வங்கிகளுக்கும் ஒரே உரிமம் என்றாக்கியது. ஆகவே 1990களின் மொரிசியஸ் ஆவணத்தில் 'கரைகடந்த நிறுவனம்' என்று எழுதலாம். 2001க்குப் பிந்தைய ஆவணத்தில் 'உலகளாவிய வணிக உரிமம் பெற்ற நிறுவனம்' என்றுதான் எழுதவேண்டும்.