ஆடு முட்டுவதும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதும்

கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றை நடுவில் விரித்து, கூரை மாதிரி மேசைமேல் கவிழ்த்து நிறுத்துங்கள். அதன் முதுகை விரலால் மெல்ல அழுத்துங்கள். நீங்கள் அழுத்துவது கீழ்நோக்கித்தான். ஆனால் அட்டைகள் இரண்டும் பக்கவாட்டில் விலகி ஓடும். இப்போது இருபுறமும் கனமான டப்பா ஒவ்வொன்றை ஒட்டி வைத்து அழுத்திப் பாருங்கள். புத்தகம் அசையாது. டப்பா செய்கிற அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'பட்ரஸ்' என்று பெயர்.

தள்ளு, முட்டு என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல் இது. ஆடு முட்டுவதைக் குறிக்கும் 'பட்' என்ற ஆங்கில வினைக்கும் அதே வேர்தான். நம்மிடமும் ஆடு முட்டுகிறது, சாயும் சுவருக்கு முட்டுக் கொடுக்கிறோம். உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டிருக்கின்றன!

பாரிசின் நோத்ர தாம் தேவாலயத்தில் இந்த முட்டலைக் கண்ணால் பார்க்கலாம். கல்லால் ஆன வளைகூரையின் எடை சுவர்களை வெளியே தள்ளுகிறது. வெளியிலிருந்து அரைவளைவுகள் தாவி வந்து அதே சுவர்களை உள்ளே தள்ளுகின்றன. பெயரே 'பறக்கும் பட்ரஸ்'. இரண்டு தள்ளலும் சரிக்குச் சரியாக இருக்கும்வரை சுவர் நிமிர்ந்து நிற்கும். 2019 ஏப்ரலில் தீப்பிடித்து வளைகூரையின் சில பகுதிகள் இடிந்து விழுந்தபோது, இந்தக் கணக்கு குலைந்துவிடுமோ என்ற பயம் வந்தது. எதிர்த்துத் தள்ள ஆள் இல்லாவிட்டால் காப்பாற்ற வந்த வளைவே சுவரை உள்ளே சாய்த்துவிடும் அல்லவா? அதனால் அந்த வளைவுகளுக்கு அடியில் பெரிய மரச்சட்டங்களைப் பொருத்தினார்கள். முட்டுக்கே முட்டு.

சரி, கட்டடத்துக்கு வெளியே 'பட்ரஸ்' என்ற வினை எப்படி வருகிறது? 'சப்போர்ட்' என்பதற்கு லத்தீன் மூலத்தில் கீழிருந்து சுமப்பது என்று பொருள். 'பட்ரஸ்' சுமப்பதில்லை, ஏற்கெனவே தன் காலில் நிற்பதைப் பக்கத்திலிருந்து உறுதியாக்குகிறது. அதனால்தான் வாதம், கோட்பாடு, வழக்கு போன்றவற்றோடு அது அதிகம் சேர்கிறது. ஒருவர் தன் வாதத்தைப் புள்ளிவிவரங்களால் 'பட்ரஸ்' செய்தார் என்றால், வாதம் முன்பே இருந்தது, புள்ளிவிவரம் அதற்குக் கூடுதல் பலம் என்று அர்த்தம். எழுத்திலும் மேடையிலும் புழங்கும் சொல் இது. நண்பனுக்கு ஆதரவாக நிற்பதைச் சொல்ல யாரும் இதை எடுப்பதில்லை.

மொழிபெயர்க்கும்போதுதான் சிக்கல். 'முட்டுக் கொடுத்தார்' என்று அப்படியே எழுதினால், இன்றைய தமிழில் அது திட்டாகிவிடும். தப்பு என்று தெரிந்தும் ஒருவருக்காக வக்காலத்து வாங்குவதைத்தான் சமூக ஊடகங்களில் அப்படிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வாடை அடிப்பது 'பட்ரஸ்' மீது அல்ல, விழாமல் தாங்கிப் பிடிப்பதைச் சொல்லும் 'ப்ராப் அப்' மீது. விழப்போகும் ஆட்சி, திவாலாகும் நிறுவனம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.