எச்சரிக்கை யார் வாசலில் விழுகிறது?

"இந்த ஃபங்ஷனை இனி அழைக்காதீர்கள், அடுத்த பதிப்பில் எடுத்துவிடுவோம்" என்று பைத்தான் நிரல்மொழியில் எழுதி மற்றவர்களும் பயன்படுத்தும் எங்கள் லைப்ரரியில் ஒரு எச்சரிக்கை வைத்திருந்தோம். சில மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் பயனர் ஒருவர் எழுதினார்: "உங்கள் கோப்பிலேயே 41ஆம் வரியில் பழைய ஃபங்ஷன் ஓடுகிறது. முதலில் உங்கள் வீட்டைச் சரிசெய்யுங்கள்." திறந்து பார்த்தால் 41ஆம் வரியில் பழையது எதுவும் இல்லை. லாக் எழுதுவதற்காகப் புதிதாகச் சேர்த்த டெகரேட்டர் (ஒரு ஃபங்ஷனைச் சுற்றிப் போர்த்தும் இன்னொரு ஃபங்ஷன்), உள்ளே இருக்கும் ஃபங்ஷனை அழைக்கிற வரி அது. செய்யாத தப்புக்கு அது மாட்டிக்கொண்டு நின்றது.

காரணம் எளிது. பைத்தானில் எச்சரிக்கை விடும்போது ஸ்டாக்லெவல் என்று ஒரு எண் கொடுக்கலாம். 1 என்றால் எச்சரிக்கை விட்ட வரியே காட்டப்படும். 2 என்றால் அந்த ஃபங்ஷனை அழைத்தவரின் கோப்பும் வரியும். நாங்கள் 2 கொடுத்திருந்தோம். நடுவில் டெகரேட்டர் புகுந்ததும் "அழைத்தவர்" அதுவாகிவிட்டது. எண்ணை 3 ஆக்கினால் தீர்ந்தது என்று நினைக்கலாம். நானும் நினைத்தேன்.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறொன்று. அந்தப் பயனர் எந்த வகை எச்சரிக்கையையும் மறைக்காமல் காட்டச் சொல்லி, 'டிஃபால்ட்' அமைப்பில் ஓட்டியிருந்தார். அவருடைய கோடில் பழைய ஃபங்ஷன் பல இடங்களில் இருந்தும், அவருக்கு வந்தது ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரே வாசகம், ஒரே மாட்யூல் (அதாவது ஒரே பைத்தான் கோப்பு), ஒரே வரி என்றால் அந்த அமைப்பில் பைத்தான் ஒரு தடவைதான் காட்டும். ஏற்கெனவே சொன்னது எது என்ற கணக்கை அந்தந்த மாட்யூலிலேயே குறித்து வைத்துக்கொள்கிறது. எத்தனை இடத்திலிருந்து அழைத்தாலும் முகவரி எங்கள் 41ஆம் வரிதான் என்பதால், முதல் அழைப்புக்குப் பிறகு மற்ற எல்லாமே அடங்கிப்போயின.

எந்த அமைப்பையும் மாற்றாமல் ஓட்டுகிறவர்களின் கதை இன்னும் மோசம். எங்களுடையதைப் போல 'இது இனி எடுக்கப்படும்' என்று சொல்லும் டெப்ரிகேஷன் வகை எச்சரிக்கைகளைப் பைத்தான் இயல்பாகவே மறைக்கிறது. 3.7 முதல் ஒரு விலக்கு உண்டு: நாம் நேரடியாக ஓட்டுகிற கோப்பிலிருந்தே எழுந்தால் காட்டும். அது எங்கிருந்து எழுந்தது என்பதை முடிவு செய்வதும் இதே ஸ்டாக்லெவல்தான். முகவரி எங்கள் லைப்ரரிக்கு மாறியதும், தன் ஸ்கிரிப்டிலேயே பழைய ஃபங்ஷனை அழைத்தவருக்குக்கூட ஒன்றும் தெரியவில்லை. திரையில் வந்து விழும் கோப்புப் பெயரை வெறும் அலங்காரமாக நினைத்திருந்தேன். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று ஃபில்டர்கள் முடிவெடுப்பதே அந்த இடத்தை வைத்துத்தான்.

சரி, டெஸ்ட் எதுவும் இல்லையா? இருந்தது. எல்லாம் பச்சை. எச்சரிக்கை வந்ததா, வகை சரியா, வாசகம் பொருந்துகிறதா என்று மூன்றையும் பார்த்தது. யார் பெயரில் வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. இத்தனைக்கும் பைத்தானோடு வரும் டெஸ்ட் கருவியான யூனிட்டெஸ்ட்டின் அசெர்ட்வார்ன்ஸ், பிடித்த எச்சரிக்கையின் கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் கையிலேயே கொடுக்கிறது. கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தால் டெகரேட்டர் சேர்த்த அன்றைக்கே சிவப்பு எரிந்திருக்கும்.

எண்ணை 3 ஆக்குவது அடுத்த டெகரேட்டர் வரும்வரைதான் தாங்கும். ஒரே உள் ஃபங்ஷனை இரண்டு வழியாக, வேறு வேறு ஆழத்தில் அழைத்தால் எந்த எண்ணும் சரிவராது. அளவுக்கு மீறிப் பெரிய எண் போட்டால் ஸ்டாக்கையே (யார் யாரை அழைத்தார் என்ற அடுக்கை) தாண்டிப்போய், கோப்புப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சிஸ்' என்று வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தேட முடியாது.

பைத்தான் 3.12இல் இதற்கு நல்ல வழி வந்தது: ஸ்கிப் ஃபைல் ப்ரிஃபிக்சஸ். "இந்தப் பாதையில் தொடங்கும் கோப்புகளைத் தாண்டி, வெளியில் இருக்கும் முதல் ஆளைக் காட்டு" என்று சொல்லிவிடலாம், ஆழத்தை எண்ண வேண்டியதில்லை. ஆனால் இதிலும் நான் இரண்டு இடத்தில் வழுக்கினேன். ஒன்று, இது எழுத்துக்கு எழுத்து முன்பகுதியைத்தான் ஒப்பிடுகிறது. 'டூல்' என்ற ஃபோல்டரின் பாதையைக் கடைசிச் சாய்கோடு இல்லாமல் கொடுத்தால், பக்கத்தில் இருக்கும் 'டூல்கிட்' ஃபோல்டரும் சேர்ந்து தாண்டப்படும். அப்பாவிப் பயனருடைய கோப்பு காணாமல் போகும்.

இன்னொன்றுக்கு அரை நாள் போனது. எங்கள் டெஸ்ட்கள் லைப்ரரி ஃபோல்டருக்கு உள்ளேயே இருந்தன. அதனால் டெஸ்ட் கோப்பும் 'நம்மாள்' என்று தாண்டப்பட்டு, எச்சரிக்கை யூனிட்டெஸ்ட்டின் சொந்தக் கோப்பில் போய் விழுந்தது. தப்பு திருத்தத்தில் இல்லை, டெஸ்ட் குடியிருந்த இடத்தில். கடைசியில் டெஸ்டுக்குள்ளேயே ஒரு தற்காலிக ஃபோல்டரில் சின்னக் கோப்பு எழுதி, அதிலிருந்து பழைய ஃபங்ஷனை அழைக்க வைத்தேன். நேரடியாக, டெகரேட்டர் வழியாக, கிளாஸின் உள்ளிருந்து என்று மூன்று அழைப்பு, மூன்று வரி. மூன்றுக்கும் தனித்தனி வரி எண் வருகிறதா என்று பார்த்தால், அடங்கிப்போகும் கோளாறும் சேர்ந்தே பிடிபடும். பாதைகளை எழுத்தாக ஒப்பிடாமல், இரண்டும் ஒரே கோப்புதானா என்று பார்க்கும் சேம்ஃபைல் கொண்டு ஒப்பிடுங்கள். மேக் கணினியில் தற்காலிக ஃபோல்டர் ஒரு சிம்லிங்க் (வேறொரு பாதையைக் காட்டும் சுட்டி) வழியாகப் போவதால், ஒரே கோப்புக்கு இரண்டு பாதை காட்டும்.

கோடை ஓட்டுவதற்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரே விடும் எச்சரிக்கைகள் தனி ரகம். சாதாரணச் சரத்துக்குள் பின்சாய்கோடும் 'டி'யும் சேர்த்து எழுதினால் 3.6இலிருந்து மறைவாக முனகிய பைத்தான், 3.12இலிருந்து சின்டாக்ஸ் வார்னிங்காக வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் கோப்பு கம்பைல் ஆகும்போது மட்டும்தான். இம்போர்ட் ஆன மாட்யூலின் கம்பைல் ஆன வடிவம் பைகேஷ் ஃபோல்டரில் சேமிக்கப்பட்டுவிட்டால் அடுத்த ஓட்டத்தில் சத்தமே இருக்காது. "நேற்று வந்த எச்சரிக்கை இன்று தானாகவே சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் முதலில் பைகேஷை அழித்துவிட்டுப் பாருங்கள். நான் வேலை செய்த பதிப்புகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. கம்பைல் ஆகும் நேரத்தில் மாட்யூல் பெயர் தெரியாததால், கோப்பின் பாதையே மாட்யூல் பெயராக எடுத்துக்கொள்ளப்படும். வழக்கமான மாட்யூல் பெயர் கொடுத்து ஃபில்டர் வைத்தவர்கள் அது ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தொல்லை பைத்தானுக்கு மட்டும் உரியதல்ல. பெர்ல் மொழியில் கார்ப் என்ற மாட்யூல் இருப்பதும், ரூபி மொழியின் 2.5 பதிப்பில் எச்சரிக்கை விடும் வார்னுக்கு அப்லெவல் என்ற எண் வந்ததும், கூப்பிட்டவர் பெயரில் பேச வேண்டும் என்ற இதே தேவைக்குத்தான்.

திருத்தத்தை வெளியிட்டதும் புகார்கள் குறையவில்லை, குவிந்தன. "திடீரென்று ஏன் இத்தனை எச்சரிக்கை?" என்று கேட்டவர்களில் பலர் அதை முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். நாங்கள் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்த விஷயம் யார் காதிலும் விழுந்திருக்கவில்லை. அந்த ஃபங்ஷனை எடுப்பதாகச் சொல்லியிருந்த பதிப்பில் எடுக்கவில்லை. கெடுவை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினோம்.