மேப்பில் நீலம் இல்லையென்றால் வெள்ளம் வராதா?

இந்த மாதமும் ஒரு குடும்பம் முன்பணம் கட்டிய பிறகுதான் என்னிடம் வந்தது. டர்பனில் ஃபீனிக்ஸ் பக்கம், சரிவில் ஒரு வீடு. பின்சுவருக்குக் கீழே ஓடை. "மேப்பில் பார்த்துட்டுத்தான் தம்பி கட்டினோம், ஆறு எங்கேயோ இருக்கே" என்றார் அந்த வீட்டு அக்கா. தென்னாப்பிரிக்காவில், இதே டர்பனில் நிலத் தகவல் வேலை பார்க்கிறவன் நான். கையெழுத்துப் போட்ட பிறகு இந்தப் பேச்சைக் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டது.

ஃபோனில் இருக்கும் மேப் உங்களுக்கு வழி காட்ட வந்தது. நிலத்தைப் பற்றி விசாரிக்க ஜிஐஎஸ் வேண்டும், அதாவது புவியியல் தகவல் அமைப்பு. நிலத்தின் உயரம், சரிவு, மண், ஆறு, கழிவுநீர்க் குழாய், மனை எல்லை எல்லாம் அதில் தனித்தனி அடுக்கு. ஒவ்வொன்றும் இருப்பிடத்தோடு பதிந்திருப்பதால் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கேள்வி கேட்கலாம். இந்த மனை ஓடைப் படுகையைவிட எத்தனை மீட்டர் உயரம்? தரை எவ்வளவு சரிவு? அடியில் இருப்பது மழையில் எளிதில் அரித்துப்போகும் பெரியா செம்மணலா? எந்தக் குழாய்க்கு மேலே சமையலறை கட்டப் போகிறீர்கள்? கிளினிக் எங்கே வைப்பது, ஆம்புலன்ஸ் எந்த வழியில் போவது என்று முடிவுசெய்யவும் இதையேதான் பயன்படுத்துகிறார்கள். 1854இல் லண்டனில் காலரா மரணங்களை மருத்துவர் ஜான் ஸ்னோ வரைபடத்தில் குறித்து, ஒரு தண்ணீர்க் குழாயைச் சுட்டியதும் இந்த யோசனைதான். 1960களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தார்.

சரி, எனக்கு ஆத்திரம் மூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் 2022இல் வந்துபோய்விட்டது, இனி நம் காலத்தில் வராது." படித்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள். ஏஜென்ட்டுகளும் சொல்லி விற்கிறார்கள். தவறு. நூறாண்டு வெள்ளக்கோடு என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டால், வெள்ளம் அந்தக் கோட்டைத் தொட ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு உண்டு என்று பொருள். தாயக்கட்டையில் இப்போது தாயம் விழுந்ததால் அடுத்த உருட்டலில் விழாது என்று யாராவது சொல்வார்களா? கட்டைக்கு நினைவு கிடையாது, மழைக்கும் கிடையாது. வீட்டுக் கடன் 20 ஆண்டு என்று வையுங்கள். அதற்குள் ஒருமுறையாவது அந்த அளவு வெள்ளம் வர சுமார் 18 சதவீத வாய்ப்பு. அதுவும் மழை பழைய மழையாகவே இருந்தால்தான். 2022 ஏப்ரலில் டர்பன் பகுதியில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்பு 40 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்த்த அப்படிப்பட்ட மழையை, பூமி சூடேறிய இன்றைய நிலையில் 20 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கலாம் என்று அதை ஆராய்ந்த விஞ்ஞானிகள் கணித்தார்கள். முந்தைய மழைக் கணக்கில் வரைந்த கோட்டை இன்று எப்படி முழுசாக நம்புவது?

நம் ஆட்களுக்கு இது புதுசும் இல்லை. 1917இல் டர்பனில் ஓடும் உம்கேனி ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்டில் தோட்டம் போட்டிருந்த இந்தியக் குடும்பங்களை அடித்துக்கொண்டு போனபோது, மாரிமுத்து படவட்டானும் அவரோடு சேர்ந்த மீனவர்களுமாக ஆறு பேர் 176 உயிர்களைப் படகில் காப்பாற்றினார்கள். 1976இல் அதே தாழ்வில் இருந்த டின் டவுன் என்ற குடிசைப் பகுதியில் மறுபடி வெள்ளம். ஆறு தன் பழைய பாதைக்குத் திரும்பத் திரும்ப வரும்.

1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டப்படி, புதிய குடியிருப்பின் மனைத்திட்டத்தில் நூறாண்டு வெள்ளக்கோட்டைக் காட்டியே ஆக வேண்டும். ஆனால் சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் அதற்கு முன்பே எழுந்த ஊர்கள். அங்கே பழைய வீடு வாங்குகிறவர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

முன்பணத்துக்கு முன்னால் எர்ஃப் எண்ணோடு, அதாவது மனையின் பதிவு எண்ணோடு, முனிசிபாலிட்டிக்குப் போங்கள். தெரு முகவரி மட்டும் போதாது. வெள்ளக்கோடு, குழாய்ப் பாதை, அனுமதி பெற்ற கட்டட வரைபடம் மூன்றையும் கேளுங்கள். இணையத்தில் தெரியும் எல்லைக்கோட்டை வைத்து மதில் எழுப்பாதீர்கள். அது சில மீட்டர் தள்ளியிருக்கலாம். எல்லைக்கல் வைக்க உரிமை பெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். சரிவை வெட்டித் தளம் போடுவதற்கு முன் பொறியாளரைக் கேளுங்கள், மச்சானைக் கேட்காதீர்கள். ஓடைக்குள் மண் கொட்டி முற்றத்தைப் பெரிதாக்குகிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தத் தண்ணீர் உங்களுக்குக் கீழே இருக்கும் ஆயா வீட்டுக்குள்தான் போகும். ஏற்கெனவே கோட்டுக்குள் குடியிருப்பவர்கள், இரவில் கனமழை எச்சரிக்கை வந்தால் காத்திருக்காமல் பிள்ளைகளோடு மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். வீட்டுப் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை விடுங்கள்.